சவரக்கத்தியும் என் வாயும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து என் மனைவி கமலா ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கல்லுங்கள எடுத்து உள்ள வைங்க. ஆளுங்க வர்ற நேரம்."

நான் வைக்கவில்லை.

வைத்திருந்தால் இந்த வாரம் உங்களோடு வேறு ஏதாவது பேசிக்கொண்டிருந்திருப்பேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்து ட்ராஃபிக் பற்றி... எங்கள் கூரைத் தகட்டில் ஓட்டப் பந்தயம் வைக்கிற குரங்குகள் பற்றி... உங்களுக்கும் சிரிப்பு, எனக்கும் நிம்மதி. இது அப்படியில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. இதில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் பெயரை மாற்ற வழியில்லை — அது மேலே அச்சாகியிருக்கிறது.

முதலில் கல் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலர் ஓர்க்கிட் வளர்ப்பார்கள். சிலர் ஏதாவது சங்கத்துக்குத் தலைவராகி ஊரைப் படுத்துவார்கள். எனக்குப் பிடித்தது சவரக்கத்தி. பிளேடு மாட்டுகிற ரேஸர் இல்லை. மடக்கி விரிக்கிற, அந்தக் காலத்து உருக்குக் கத்தி. கண்டி டவுனில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் அகப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, துருவைத் துடைத்து, சோப் போட்டு, கன்னத்தில் வைத்தேன். அது தாடியை வெட்டவில்லை. பிடுங்கியது.

வாய் மழுங்கிய கத்தி. தீட்ட வேண்டும். அவ்வளவுதானே? ஹார்ட்வெயார் கடைக்குப் போய், விறகு வெட்டுகிற மன்னாக் கத்தி தீட்டுவதற்கு விற்கிற சாம்பல் நிறக் கல்லொன்றை வாங்கி வந்து தேய்தேய் என்று தேய்த்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கத்தியின் வாய் முழுக்க வாள் பல் மாதிரி இருந்தது. அடுத்த நாள் கன்னத்தில் பிளாஸ்டரோடு நான் மார்க்கட்டுக்குப் போனதையும், மீன்கடைக்காரர் "வீட்ல ஏதும் பிரச்சினையா சேர்?" என்று அக்கறையாக விசாரித்ததையும் பேப்பரில் இதே வாரப் பத்தியில் முன்பு எழுதியிருக்கிறேன்.

அதைப் படித்துவிட்டு, "அப்படியானால் எந்தக் கல்தான் வாங்குவது?" என்று கேட்ட வாசகர்களுக்கு இப்போது பதில் சொல்லலாம். வெட்கப்படுவதற்கு முன்னால் ஒரு உபயோகமான வேலையாவது செய்துவிடுகிறேன்.

கல்லில் ஒரு இலக்கம் போட்டிருக்கும். இலக்கம் ஏற ஏறக் கல் நைஸாகும். ஆயிரம் இலக்கக் கல், வாய் போன கத்திக்கு வாயைத் திரும்ப அமைத்துக் கொடுக்கும். அடுத்தது ஒரு பக்கம் நாலாயிரமும் மறுபக்கம் எட்டாயிரமுமாக ஒட்டிய இரட்டைக் கல். ஆயிரம் போட்ட கீறல்களை அது அழிக்கும். கடைசி மெருகுக்கு ஒரு இயற்கைக் கல் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தண்ணீர்க் கல்லாகவே வாங்குங்கள். தண்ணீர்க் கல்லில் மறந்தும் எண்ணெய் விடாதீர்கள். ஒரு தடவை எண்ணெய் குடித்துவிட்டால் பிறகு அது தண்ணீரை ஏற்காது.

கத்தியைக் கல்லில் தட்டையாகப் படுக்க வையுங்கள். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் பட வேண்டும். வாய் முன்னே போகத் தள்ளுங்கள். முனை வந்ததும் முதுகின் மேல் புரட்டித் திருப்புங்கள். வாயின் மேல் புரட்டினால் செய்த வேலை அத்தனையும் போச்சு. அழுத்தவே கூடாது, கத்தியின் பாரமே போதும். இன்னொன்று — கல்லும் தேயும். நடுவில் குழி விழுந்த கல்லில் எந்தக் கொம்பனும் சவரக்கத்தி தீட்ட முடியாது. கல்லின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் நனைத்த சாண்ட் பேப்பரை விரித்து அதில் கல்லைத் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்துவிட்டால் கல் மட்டமாகிவிட்டது என்று அர்த்தம். முடிந்ததும் தோல் வாரில் நாலைந்து இழுப்பு.

இதையெல்லாம் யூடியூப் பார்த்தும், கன்னத்தைக் கிழித்துக்கொண்டும் படித்தேன். இப்போது நன்றாகவே தீட்டுவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையில்தான் கற்களை முன் ஹாலிலேயே விட்டேன். ஜப்பான் கல், பெல்ஜியம் கல், பக்கத்தில் விரித்த வெள்ளைத் துணியில் கத்தி... வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "சேருக்கு இப்படியொரு ஹாபியா!" என்று வாயைப் பிளக்க வேண்டாமா?

வருகிறவர்கள் யார்?

என் மகள் ஷாலினி கண்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் லேபில் வேலை செய்கிறாள். அங்கே ஃபார்மசியில் இருக்கிற பிரதீபனைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். நல்ல பையன். அப்பா தெல்தெனியவில் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர், பெயர் சிவலிங்கம். அன்றைக்குத்தான் பையனும் பெற்றோரும் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

மகள் விஷயத்தைச் சொன்னபோது நான் "என்ன ஆளுக?" என்று கேட்கவில்லை. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. சாதி என்கிற சொல்லை வாயில் எடுக்காமலே சாதியைக் கேட்கிற கேள்வி அது. நான் கேட்கவில்லை. கேட்காததை நண்பர்களிடம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். இந்தப் பத்தியில்கூடச் சாதி பார்க்கிறவர்களை எத்தனையோ வாரம் கிழித்திருக்கிறேன். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன்... போஸ்ட் மாஸ்டர் என்றதும், கேட்கத் தேவையில்லாத குடும்பம் என்று மனதுக்குள் நானே முடிவு கட்டியிருந்தேன். அதனால்தான் கேட்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். சிவலிங்கம் ஐயா மெலிந்த மனிதர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத காற்சட்டை, அளந்து பேசுகிற பேச்சு. அவருடைய மனைவி கையோடு ஒரு பெரிய பப்பாளி கொண்டுவந்திருந்தார். கதிரைகளில் உட்கார்ந்தோம். மழை, பஸ், தெல்தெனிய வெயில் என்று பேச்சு மெதுவாக உருண்டது. எல்லோருக்கும் கொஞ்சம் பதற்றம்.

அப்போது அவருடைய கண் மேசைக்குப் போனது.

எழுந்து வந்தார். இயற்கைக் கல்லைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. எந்த நாட்டுக் கல் என்று கேட்பார், பிரசங்கத்தை ஆரம்பிக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

அவர் மெல்லிய குரலில் வேறொன்று கேட்டார்.

"வீட்ல யாருங்க சேர் இந்த வேலை?"

'இந்த வேலை.'

எனக்கு ஒரு நொடியில் ரத்தம் தலைக்கு ஏறியது. கத்தியையும் கல்லையும் பார்த்துவிட்டு இந்த மனிதர் எங்களை என்னவென்று நினைக்கிறார்? 'என்ன ஆளுக' என்பதைத்தானே நாசூக்காகக் கேட்கிறார்? என் மகளின் கல்யாணம் இந்தக் கல்லில் இடறி விழப்போகிறதா?

"ஐயோ, நாங்க அந்த ஆளுக இல்லங்க!" என்றேன்.

சொன்னதோடு நின்றேனா? இல்லை. சிரித்துக்கொண்டே தொடர்ந்தேன். "தப்பா நெனச்சிறாதீங்க. இது சும்மா ஹாபி. எங்கப்பா தெல்தோட்டைப் பக்கம் தோட்டத்துல கவ்வாத்து வெட்டுனவரு. கவ்வாத்துக் கத்தி தீட்டுன கை, அந்தப் பழக்கம் நமக்கும் ஒட்டிக்கிச்சு. மத்தபடி எங்க பரம்பரையில யாரும் அடுத்தவன் தாடியில கை வச்சதில்ல."

இந்த இடத்தில் என்னைப் பற்றி இன்னொன்று உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார் என்பதை நான் சபையில் சொல்கிற ஆள் இல்லை. "சொந்த ஊர் எது?" என்றால் "கண்டிதான்" என்று முடித்துக்கொள்வேன். இத்தனை காலமும் மறைத்து வைத்த அப்பாவையும் அவருடைய கத்தியையும் அன்றைக்கு அவசரமாக வெளியே இழுத்துப் போட்டேன். எதற்கு? அதைவிடக் கீழே என்று நானே நினைத்த ஒன்றிலிருந்து தப்புவதற்கு. கவ்வாத்துக் கத்திக்கும் என் கைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அப்பா அதை என்னைத் தொடவே விட்டதில்லை. பொய்யும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

சிவலிங்கம் ஐயா கல்லை மேசையில் வைத்தார். வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. "நல்ல கல்லுங்க" என்றார். போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

பிரதீபன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா, "வீடு நல்ல காத்தோட்டமா இருக்குங்க" என்றார். குசினி வாசலில் பால் விடாத பிளேன்டித் தட்டோடு நின்ற ஷாலினி என்னைப் பார்த்த பார்வையை நான் அப்போது வெயிலுக்குக் கண் கூசுகிறது போல என்று எடுத்துக்கொண்டேன். அவ்வளவு மரமண்டை.

பிளேன்டி குடித்தார்கள். சாப்பிடவில்லை. "ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கும் போக வேண்டியிருக்குங்க, இன்னொரு நாளைக்கு வர்றோம்" என்று எழுந்துவிட்டார்கள். கமலா கெஞ்சிப் பார்த்தாள். கோழிக் கறி, பருப்பு, பலாக்காய், பாயாசம் எல்லாம் குசினியில் மூடியபடி இருந்தன.

அவர்கள் கேட்டைத் தாண்டியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன்.

"பாத்தியா கமலா? கை நனைக்காமப் போறாங்க! நம்மள அந்த ஆளுகன்னு சந்தேகப்பட்டுட்டாங்க. நா எவ்வளவு சொல்லியும் நம்பல்ல. இந்தக் காலத்துலயும் சாதி பாக்குற ஜனங்க! படிச்சு என்ன பிரயோசனம்? அடுத்த வாரம் பத்தியில இவங்கள வச்சு எழுதுறேனா இல்லியா பாரு..."

எழுதியும் இருப்பேன். தலைப்புக்கூட யோசித்துவிட்டேன்.

ஷாலினி குசினியிலிருந்து வந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்பா, பிரதீபனோட தாத்தா சலூன் வச்சிருந்தவரு. பழைய தெல்தெனிய டவுன்ல."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"நீ ஏன் முதல்லயே சொல்லல்ல?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் கேக்கவே மாட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே."

கமலா கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நம் மொழியில் கத்தியைக் கூராக்குவதற்கும் தீட்டு, ஆளை ஒதுக்கி வைப்பதற்கும் தீட்டு. ஒரு தமிழ் வாத்தியாருக்கு இது அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்து என்ன பயன்? அந்த மெலிந்த மனிதர் என் வீட்டு ஹாலில் நின்று, அவருடைய அப்பாவை நான் சிரித்துக்கொண்டே தள்ளி வைத்ததைக் கேட்டுவிட்டு, என் பிளேன்டியையும் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு வந்த நாட்களில் அந்த வாக்கியம் காதுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நான் சொன்னதுதான், என் குரல்தான். அவசரத்தில் வாய் தவறியது என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவசரத்தில் வருவதுதானே உள்ளே இருப்பது? வாரா வாரம் நான் யோசித்து, அடித்துத் திருத்தி எழுதுவதெல்லாம் பிறகு என்ன?

ஷாலினி தேவைக்குப் பேசினாள். சாப்பிட வாங்க, லைட் பில் வந்திருக்கு, அவ்வளவுதான். பிரதீபனோடு என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதி எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை. ஒரு நாள் மட்டும் சொன்னாள், "அவங்க அப்பா ஒன்னும் சொல்லல்லியாம். ஆனா வீட்ல கல்யாணப் பேச்சே எடுக்கிறதில்லியாம்."

"நா போய்ப் பேசிட்டு வரவா?"

"போய் விளக்கம் குடுக்காதீங்கப்பா. விளக்கம் குடுக்கப் போய்த்தான் இவ்வளவும்."

உண்மைதான். ஆனாலும் தெல்தெனியவுக்குப் போனேன். விளக்கம் சொல்வதில்லை என்று பஸ்ஸில் முழு வழியும் எனக்கே சொல்லிக்கொண்டு போனேன். திகன தாண்டியபோது, இறங்கித் திரும்பிவிடலாமா என்றும் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் பேசிப் பிழைத்த எனக்கு, ஒரு மனிதரிடம் ஒரு வசனம் சொல்ல நாக்கு வறண்டது.

சிவலிங்கம் ஐயா வாசலிலேயே நின்றார். "வாங்க சேர். ஒக்காருங்க." ஆச்சரியம் காட்டவில்லை. அவருடைய மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"ஐயா, நா அன்னைக்கிப் பேசினது தப்பு. வேற ஒன்னும் சொல்ல வரல்ல" என்றேன்.

அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"நீங்க பேசினது எனக்குப் புதுசில்லீங்க சேர். போஸ்ட் ஆபீஸ்ல நா கவுன்டருக்கு உள்ளுக்க இருப்பேன், வெளிய நின்னுக்கிட்டு அதையேதான் பேசுவாங்க. காது பழகிப்போச்சு. நா நெனச்சு நெனச்சுக் கஷ்டப்படுறது அதுக்கில்ல."

"பின்ன?"

"அன்னைக்கி ஒங்க வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் வீட்டுக்காரிகிட்ட அதத்தான் பேசிக்கிட்டு வந்தேன். இவங்ககிட்ட நம்ம விஷயத்த எப்பிடிச் சொல்றது, சாப்பாட்டுக்கு முன்னயா, பொறகான்னு. ஒங்க மேசையில அந்தக் கல்லப் பாத்தேன் பாருங்க... அப்பிடியே மனசு லேசாப் போச்சு. அட, இவங்களும் நம்ம ஆளுகதான் போலருக்குன்னு நெனச்சிட்டேன். அந்தச் சந்தோசத்துலதான் சேர் கேட்டேன்."

அந்தக் கேள்வி என் காதில் எப்படியெல்லாம் விழுந்திருக்கலாம்... விழுந்தது ஒரே ஒரு விதமாகத்தான்.

"நீங்க அந்த ஆளுக இல்லன்னு சொன்னீங்க. அப்ப நா என்ன செஞ்சேன்னு கவனிச்சீங்களா?"

கவனிக்கவில்லை. நான் என் பேச்சிலேயே இருந்தேன்.

"தலையாட்டினேன் சேர். நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டிக்கிட்டே இருந்தேன். எங்கப்பா அந்தக் கத்திய வச்சித்தான் என்னைய உத்தியோகத்துக்கு அனுப்பினாரு. அவரப் போயி நீங்க வேணாங்கிறீங்க, நா அதுக்குத் தலையாட்டுறேன். அதும் மகன் பக்கத்துல இருக்கான், பாத்துக்கிட்டிருக்கான். வீட்டுக்கு வந்து அவன் முகத்த என்னால பாக்க முடியல்ல."

நான் கொண்டுபோன மன்னிப்பை அப்போது எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடைய வெட்கத்தைச் சுமந்துகொண்டு தெல்தெனியவுக்குப் போனேன் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், நான் படவேண்டிய வெட்கத்தை அந்த மனிதர் எனக்கு முன்னாலிருந்தே பட்டுக்கொண்டிருக்கிறார். அவர் பேசாமல் இருந்ததற்கு நான் காரணம். தண்டனை அவருக்கு. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதன் இன்னொருவனுக்கு என்ன செய்துவிட முடியும்?

"கல்யாணத்துக்கு நாங்க குறுக்க நிக்கல்ல சேர்" என்றார், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஒங்க மக தங்கமான புள்ள. அதுக ரெண்டும் நல்லாருக்கட்டும். மகன்கிட்டயும் இன்னைக்கிச் சொல்லிர்றேன். ஆனா ஒங்க வீட்ல வந்து ஒக்காந்து சாப்பிடுறதுக்கு எனக்குக் கொஞ்ச நாளாகும். கோவிச்சுக்கப்படாது."

கோபித்துக்கொள்வதா! நான் அவருடைய டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். சூடு ஆறிப் போயிருந்தது.

புறப்படும்போது கேட்டார். "நீங்க பேப்பர்ல எழுதுறவங்களாச்சே. இத எழுதுவீங்களா?"

"நீங்க வேணாம்னா எழுத மாட்டேன்."

"எழுதுங்க. ஆனா ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டருன்னு மட்டும் எழுதி மறைச்சிறாதீங்க. சலூன்காரர் மகன்னு எழுதுங்க. நா அன்னைக்கிச் சொல்லாதத நீங்களாவது சொல்லுங்க."

சரி என்றேன். கேட் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் வருகிற சத்தம் கேட்டது. நான் காலை வெளியே வைத்ததும் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"இன்னொன்னு சேர். கதைய நல்லா முடிக்கணுமேன்னு, நா ஒங்கள மன்னிச்சிட்டேன்னு எழுதிறாதீங்க."

எழுதவில்லை, ஐயா.